மணிச் சத்தத்துக்கு அப்புறம் டேப்பில் ஒன்றும் இல்லை

பிளே பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, நாலாம் வகுப்பு 'பி' பிரிவு முழுவதும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. கதை டேப் போடுகிற வேலைக்கு வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்: டேப்பை நிறுத்தப் பட்டன் உண்டு, பிள்ளைகளை நிறுத்த ஒன்றும் கிடையாது. வகுப்பறையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் நடந்திருக்கும்.

கூரை பறந்தது

டேப்பில் புயல் அடித்துக்கொண்டிருந்தது. "கூரை போச்சு! எல்லாரும் குனிஞ்சுக்கோங்க!" என்று சாந்தி அக்காவின் குரல் அலறியது. அது கதைக்குள் இருக்கிற மீனவர்களுக்குச் சொன்னது. குனிந்தது இவர்கள். ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலையும் பக்கத்துப் பெண்ணின் டிபன் டப்பாவையும் சேர்த்து அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தான். "அண்ணா, நீயும் வாண்ணா. தல பூடும்" என்றான். அவன் பெயர் ஏழுமலை. கதையைக் கேட்டால் கைதட்டுவார்கள் என்றுதான் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அனுப்பியது சாந்தி அக்கா. சிட்லபாக்கத்தில் தன் வீட்டுப் படுக்கையறையில் ஃபேனை அணைத்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வேர்க்க வேர்க்கக் கதை சொல்லிப் பதிவு செய்கிறவர். டி.வி. பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் தலைக்குள் ஒன்றும் ஓடுவதில்லை, காதால் மட்டும் கேட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கட்சி. எனக்குப் பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. வீட்டில் சும்மா இருந்தேன். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகச் சொன்னார், போனேன். வேலையின் முறை இதுதான். கதை பாதி போனதும் டேப்பில் 'டிங்' என்று மணி அடிக்கும். நான் நிறுத்த வேண்டும். "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மணிக்கு அப்புறம் டேப் காலி. பிள்ளைகள் சொல்கிற முடிவை அந்தக் காலி இடத்தில் பதிவு செய்து, மறு வாரம் அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த இந்தப் பள்ளி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எங்களுக்கு ஒரு டேர்முக்கு மட்டும் கொடுத்திருந்தது. டேர்ம் முடிவில் பெற்றோர் தினம். அன்றைக்குத் தாளாளருக்குப் பிடித்தால் பீரியட் தொடரும். பிடிக்காவிட்டால் கணக்குக்குப் போய்விடும். இது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து வகுப்பு டீச்சர் கிரேஸ் உள்ளே வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, கதை போடறேன்னுதானே உள்ள வந்த? கிளாஸைக் காலி பண்றேன்னு சொல்லவே இல்லையே!"

குடை பிடித்த யானை

அடுத்த கதையில் மழை. மழைக்குள் ஏதோ ஒன்று தொம் தொம் என்று நடந்து வருகிறது. டிங். வந்தது யார் என்று வரைய வேண்டும். பிளக் பாயின்டில் பொறி பறந்ததால், பியூனைத் தேடிக்கொண்டு போனேன். டீச்சர் வகுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதுதான் வினை.

திரும்பி வந்து தாள்களை வாங்கிப் பார்த்தேன். யானை. அடுத்ததும் யானை. எல்லா யானையும் இடது பக்கம் பார்த்துக்கொண்டு, தும்பிக்கையில் சிவப்புக் குடை பிடித்திருந்தது. கரும்பலகையைப் பார்த்தால் டீச்சர் அழகாக ஒரு யானை வரைந்து, பக்கத்தில் 'குடை - சிவப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். ஒரு யானை மட்டும் வலது பக்கம் பார்த்தது. அதற்குப் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"டீச்சர், இது கற்பனை கிளாஸ் டீச்சர்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கவலையோடு, ரொம்ப நியாயமாகத்தான் சொன்னார்: "ஆளுக்கு ஒண்ணு கற்பனை பண்ணிட்டா நான் எப்படிப்பா திருத்தறது?"

வராத கேள்வி

வகுப்பில் முதல் ரேங்க் நித்யா. அவளுடைய அப்பா சிட்லபாக்கம், ஏதோ ஆபீசில் வேலை. ஒருநாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், அவ்வளவு கூட்டத்திலும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கையில் டேப் ரிக்கார்டர் இருந்தால் அப்படித்தான், ஒளிய முடியாது.

"நித்யா சரியாச் சாப்பிட மாட்டேங்கறா. அந்தக் கதையோட முடிவு என்னன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கா. நீங்க சொல்லிட்டீங்கன்னா எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வச்சிடுவேன்" என்றார். முடிவு இல்லை சார் என்றேன். சிரித்தார். வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தார். நிஜமாகவே இல்லை சார், டேப்பே அங்கே காலி என்றேன். அவர் முகத்தில் ஒரு பெரிய ரகசியத்தை எதிர்த்து நிற்கிற மனுஷனின் பொறுமை வந்தது. என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "சரி தம்பி, இந்த வருஷத்தது வேண்டாம். போன வருஷம் என்ன முடிவு வந்துதுன்னாவது சொல்லுங்க."

ராஜகுமாரிக்குக் கோபம்

கரண்ட் போன வெள்ளிக்கிழமை. பேட்டரியில் ஓட்டினேன். பேட்டரியும் சாகிற நிலைமை. டேப்பில் ராஜகுமாரி பேசப் பேசக் குரல் இழுத்தது, கனத்தது, கடைசியில் லாரி ஏற்றத்தில் திணறுகிற மாதிரி உறுமினாள். அவமானமாகிப் போய் நிறுத்தக் கை வைத்தேன். முன் பெஞ்சே எழுந்து நின்றது. "நிறுத்தாதண்ணா! அவளுக்கு இப்பதான் கோவம் வருது!"

பெட்டிக்குள்ளே

பெற்றோர் தினத்துக்காக சாந்தி அக்கா தனியாக ஒரு கதை பதிவு செய்தார். மின்சார ரயில். தாம்பரத்தில் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி மட்டும் கிடக்கிறது. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். டக். டக். டிங்.

நிறுத்தினேன். "அப்புறம்?" என்றேன். வாயை மூடிக்கொண்டேன். பூனைக்குட்டி என்றார்கள். கலர் டி.வி. என்றார்கள். "கணக்கு டீச்சர்!" என்று ஒருத்தன் கத்தினான், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏழுமலை எழுந்தான். நான் மைக்கை நீட்டினேன். சிவப்பு ரெக்கார்டு பட்டனை அப்போதுதான் இறக்கியிருந்தேன்.

"எங்கப்பா வெரலு" என்றான். "ரெண்டு வெரலு. கிண்டி பட்டறைல மிசினுக்குள்ள வுட்டுட்டு வந்துச்சு. அதுங்களுக்கு வூட்டுக்கு வழி தெர்ல. எங்கப்பா டெய்லி வர்ற ரயில் எதுன்னு மட்டும் தெரியும். அதுல ஏறிக்கினு வந்துடுச்சுங்க. டிக்கெட் இல்ல. அதான் பொட்டிக்குள்ள ஒளிஞ்சிக்கினு கீது."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் பயப்படவும் இல்லை. பிள்ளைகள் வேலையைப் பார்க்கிற மாதிரி கேள்வி கேட்டார்கள். எந்தக் கை? வலது. மோதிரம் போடற விரலா? அதுவும் அதுக்குப் பக்கத்ததும். பெட்டியைத் திறந்தால் ஓடிப்போய் ஒட்டிக்குமா? ஏழுமலை கொஞ்சம் யோசித்தான். "ஒட்டாது. ஆனா வூட்ல இருக்கும்ல? தூங்கறப்ப பக்கத்துல வச்சிக்கலாம்." ஒருத்தி மட்டும், அதுக்குப் பசிக்குமா என்று கேட்டாள். சோறு ஊட்டுற கைதான், பசி இருக்காது என்று இன்னொருத்தி தீர்ப்புச் சொன்னாள். நான் மைக்கை ஒவ்வொருவர் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தேன். நான் பேசக் கூடாது என்பது விதி.

பெல் அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். ஏழுமலை மட்டும் டேப் ரிக்கார்டர் பக்கத்தில் வந்து நின்றான். அப்பா வேலைக்குப் போவதில்லையாம். கையைத் துண்டில் சுற்றியே வைத்திருக்கிறாராம், இவனுக்குக் காட்டுவதே இல்லையாம், கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம். "அண்ணா, ரெக்கார்டு ஆச்சா? எங்கப்பா கேக்கணும்."

ஸ்டாஃப் ரூம்

கிரேஸ் டீச்சர் கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னைவிட அதிகமாக அதிர்ந்துபோயிருந்தார். கண்ணெல்லாம் கலங்கிப்போய் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. இந்த உலகத்தில் பாதிக் காரியம் நல்ல மனசால்தான் கெடுகிறது.

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு டேப்பைப் போடச் சொன்னார். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்னப் பிள்ளைங்க வாயில வர்ற பேச்சா இது? தாளாளர் வர்றார், பேரன்ட்ஸ் வர்றாங்க. ஸ்பீக்கர்ல இதைப் போட முடியுமா? கற்பனைன்னா கொஞ்சம் சந்தோஷமா இருக்க வேண்டாமா?" என்றார். நான் அடக்க முடியாமல், "சார், விரல் ரயில் ஏறாது சார். அது கற்பனைதான் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிரேஸ் டீச்சர் பக்கம் திரும்பிக்கொண்டார். "கற்பனை பண்ணச் சொன்னா நிஜத்தைப் பேசறான். அவனைக் கொஞ்சம் கூப்பிட்டுக் கண்டிச்சு வைங்க."

கொடி

உத்தரவு தெளிவாக வந்தது. ஏழுமலை பேசியதை அழிக்க வேண்டும். வேறு கேசட்டில் புதிதாக எடுத்தால் போதாது. அந்தப் பேச்சு இருக்கவே கூடாது. அதே இடத்தில் நித்யா வேறு முடிவு சொல்வாள்: பெட்டியைத் திறந்தால் உள்ளே தேசியக்கொடி, எல்லோரும் எழுந்து சல்யூட் அடிக்கிறார்கள். அந்த வரி வரும்போது நித்யாவே நிஜக் கொடியோடு மேடைக்கு வருவாள். இதெல்லாம் சரியாக நடந்தால் அடுத்த வருஷமும் வெள்ளிக்கிழமைப் பீரியட் எங்களுக்கு. ஹெச்.எம். வாக்குக் கொடுத்துவிட்டார். டேப்பில் அழிப்பதற்கென்று தனிப் பட்டன் கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் மேலேயே இன்னொரு குரலைப் பதிவு செய்ய வேண்டும். அடியில் இருக்கிறவன் போய்விடுவான்.

சிட்லபாக்கத்துக்கு ஓடினேன். சாந்தி அக்கா சண்டைக்கு வருவார் என்று நம்பினேன். வாயை மூடு, பிள்ளைகளைப் பேச விடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே? டேப்பை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். இரண்டாவது தடவை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னது இது: "அழிச்சிடுடா. ஒரு பையன் சொன்னதுக்காக மொத்தப் பிள்ளைங்களோட பீரியடையும் விட முடியாது."

எனக்கு விழுந்த அடிகளிலேயே பெரியது அதுதான். மறுத்துப் பேசலாம் என்று பார்த்தால், அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டிக்குள் கணக்கு டீச்சர் இருப்பதாகச் சொன்னவனுக்கும் அந்தப் பீரியட்தானே இருக்கிறது? ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். நடந்தும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்கப்பா கேக்கணும்" என்று அவன் நின்ற நிலையும் கூடவே வந்தது.

சனிக்கிழமை

காலையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலி வகுப்பில் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்திருந்தேன். நித்யா வெள்ளைக் கவுனில், காகிதத்தைப் பார்க்காமலே எல்லாம் ஒப்பிக்கிற தயாரிப்போடு வந்து நின்றாள். "பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூவர்ணக்..." என்று ஆரம்பித்தவள், என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்க ரெக்கார்டு அழுத்தவே இல்லை."

"ஆமா."

"ஏன்?"

"அடியில ஏழுமலை இருக்கான்."

பொய் சொல்ல எனக்கு வராது, சின்னப் பெண்ணிடம் அறவே வராது. அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கும் விரல்தான் பிடிச்சிருக்கு. கொடி அப்பா எழுதினது. ஆனா நான் எப்ப மேடைக்கு வரணும்னு மட்டும் சொல்லிடுங்க."

ஸ்பீக்கரில்

பந்தலில் நல்ல கூட்டம். தாளாளர் நடுவில், மாலையோடு. ஏழுமலையின் அப்பா கடைசியில், மூங்கிலில் சாய்ந்து நின்றார். வலது கையில் துண்டு. பிளேயை அழுத்தினேன். ரயில் வந்தது, பெட்டி வந்தது, டக் டக் என்று தட்டியது, டிங். நான் நிறுத்தவில்லை. ஹெச்.எம். சிரித்த முகத்தோடு நித்யா நிற்கிற பக்கம் கையை நீட்டினார். ஸ்பீக்கர், "எங்கப்பா வெரலு" என்றது.

ஹெச்.எம். நீட்டிய கையை எடுக்க மறந்துவிட்டார். தாளாளர் தன் மாலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு அம்மா, "அய்யோ" என்றார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தக் கை, ஒட்டுமா, பசிக்குமா, எல்லாக் கேள்வியும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. முடிந்ததும் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நித்யா அதுதான் சமயம் என்று முடிவு செய்து, கொடியோடு மேடைக்கு வந்துவிட்டாள். பழக்கதோஷத்தில் பந்தலே எழுந்து நின்றது.

அப்படி எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போது ஏழுமலையின் அப்பா பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் வந்தார். பையனை அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் மேஜையைத் தாண்டிக் குதித்தேன். அவர் பையன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார். நாலாம் வகுப்பு 'பி' மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஏழுமலை மெதுவாக, விரல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்தான். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். "ஏன்டா, எங்கிட்டதான் சீசன் டிக்கெட் கீதே? அதுங்க இன்னாத்துக்குடா பொட்டிக்குள்ள ஒளியணும்?"

தாளாளர் காபி குடித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை எங்களுக்குச் சேதி வந்தது: அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கணக்கு. சாந்தி அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஊரப்பாக்கத்தில் வேறு பள்ளி பார்க்கச் சொன்னார், பார்த்துக்கொண்டிருக்கிறேன். பீரியடை இழந்த பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் திட்டுகிறார்கள். மொத்தத்தில் இந்த வேலையில் என்னை நம்பி உருப்படியாகச் செய்யச் சொன்னது ஒரு சிவப்புப் பட்டனை அழுத்துவதை மட்டும்தான், அதையும் நான் செய்யவில்லை.